வினைப்பயனும் அடியார் கடனும்

உயிர் வேறு, அது தங்கிய உடம்பு வேறு என்பது சைவசித்தாந்தம் பயில்வார் முதற்கண் கற்பனவற்றுள் ஒன்றாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் மாயையினின்று உயிர்க்குக் கூட்டுவித்தவை. கருவியிற் குறை நேரின் உயிரின் அறிவும் செயலும் வெளிப்படுதல் தடைப்படுமேயன்றி, உயிர் தன் தன்மையிற் குறைந்ததாகாது. யாழின் நரம்பு தளர்ந்தமைபற்றிப் பாணன் இசையறியான் எனலாமோ? இவ்வுண்மையை அவைக்கண் எடுத்தோதுதல் எளிது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தையொன்றின் வீட்டுத் திண்ணையில் இருந்து கடைப்பிடித்தலோ அரிது.

எம்மூர் பந்தல்குடியில், எம் தெருவிலேயே அத்தகைய சிறுவன் ஒருவன் உளன். எட்டாண்டு நிரம்பியும் தானே அமரமாட்டான். சொல்லும் தெளிவாய் வாராது. ஆயினும், மாலையில் யான் தேவாரம் ஓதுங்கால் பாட்டின் இடையே நிறுத்துவேனாயின், அடுத்த அடியை எதிர்நோக்கி என் வாயையே பார்ப்பான். மீளத் தொடங்கியவுடன் முகமலர்வான். அவனுக்கு அறிவில்லை என்பார் கூற்றை எங்ஙனம் ஒப்புவது? அவன் அன்னை அவனை இடுப்பிற் சுமந்து அருப்புக்கோட்டைக்கும், அங்கிருந்து மதுரைக்கும் பேருந்தேறிச் சென்று பயிற்சி செய்வித்து மீள்வாள். அன்றைக்குக் கூலி இல்லை. ஒருநாள் கோயிலில் கற்றவர் ஒருவர் அவளை நோக்கி, "எல்லாம் நீ முற்பிறப்பிற் செய்த வினை, தாயி, அனுபவித்தே தீரவேண்டும்" என்றார். அதன்பின் பல திங்கள் அவள் கோயிற்கு வந்திலள்.

அச்சொல் சித்தாந்தமாமோ எனின், ஆகாது. வினை அறிவற்ற சடம். அதன் பயனை அளந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே. பிறர் வினைக்கணக்கைக் கண்டார்போற் கூறுதல் அவன் தொழிலை நாம் மேற்கொள்வதாய் முடியும். அற்றேல், இன்பதுன்பங்கள் வினைவழி வருவன என்பது பொய்யோ எனின், அன்று. அக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உதவுவது. பிறர் துன்பங்கண்டு வாளாவிருத்தற்கு உரைத்ததன்று. அவர் படுவது பிராரத்தமாயின், கண்டும் விலகிப்போதல் நமக்கு ஆகாமியமாய் ஏறுமன்றோ?

கருவிலோ, பிறக்கும்பொழுதோ, பிறந்த பின்னரோ வளரும் மூளை ஊறுபடுதலால் இக்குறை விளையும் என்பர் மருத்துவர். குறைமாதப் பிறப்பு, மூச்சுத்தடை, கடுங்காமாலை, மூளைக்காய்ச்சல் முதலியன காரணங்களாம். இது தொற்றுவதன்று, தாயின் குற்றமுமன்று. இளமையிலேயே பயிற்சி தொடங்கின், தசை இறுகி மூட்டு மடங்குவதைப் பெரிதும் குறைக்கலாம்.

தண்டியடிகள் வரலாறு அன்பர் அறிந்ததே. பிறவியிற் கண்ணிலராகிய அவர், திருவாரூர்க் குளத்தைத் தோண்டுங்கால், தோண்டுமிடத்து ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். குறையுடைய கருவிக்குத் துணைக்கருவி வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

அத்தகைய கயிறு கட்டினார் நம் காலத்தும் உளர். சென்னையில் பூனம் நடராசன் அம்மையார், இக்குறையுற்ற தம் மகனைப் பேணிய அனுபவத்தால், 1985இல் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் எனப்படும். 1975இல் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து கழுத்தின்கீழ்ச் செயலிழந்த இராமகிருட்டிணன் என்பார், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துப் பணியாளர் சிற்றூர்களில் வீடுகட்கே சென்று குழந்தையைப் பயிற்றும் முறையைப் பெற்றோர்க்குக் கற்பிக்கின்றனர். கூலியிழந்து பேருந்தேறும் தாய்க்கு இதனினும் பேருதவி யாது? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 18 அகவை கடந்த இத்தகையோர்க்குக் காப்பாளரை அமர்த்தவும் வழி செய்துள்ளது. தமக்குப்பின் பிள்ளையின் கதி யாதாம் என அஞ்சும் பெற்றோர் இதனை அறிதல் வேண்டும்.

அடியார் கூட்டம் செய்யத்தக்கனவும் பல. ஊர்த் தச்சரைக் கொண்டு முதுகும் பக்கமும் தாங்கும் நாற்காலி ஒன்று செய்தளிக்கலாம். கிடத்தி ஊட்டினாற் புரையேறுமாதலின், நிமிர்த்தி அமர்த்திச் சிறிது சிறிதாக ஊட்டும் முறையைத் தாயிடம் கற்று, வாரத்தில் ஒருபொழுதேனும் அவளுக்கு ஓய்வு தரலாம். விழாநாளில் அக்குழந்தைக்குத் திருமுன் இடம் விடலாம். அலுவலகங்கட்கு மனு எழுதித் தரலாம், உடன் செல்லலாம்.

அன்பர்காள்! வினையை அறுப்பவன் இறைவன். சுமையிற் பங்கேற்றல் நம்மால் இயல்வது. இயல்வதைச் செய்து, ஏனையதை அவன் திருவருட்கே விடுவோமாக.

திருச்சிற்றம்பலம்.