புற்றுக்குள்ளே ஒரு தோட்டம்

பூந்தமல்லி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூவிருந்தவல்லி என்ற அழகான பெயரும், திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என்ற பெருமையும்தானே? எனக்கு இனிமேல் காளான்தான் ஞாபகம் வரும்!

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்கக் கிளம்பியவன் வழியில் நின்றுவிட்டேன். கரையான் புற்றருகே ஒரு கிழவி குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பறிக்காமல் எதற்குத் தோண்டுகிறீர்கள், பாட்டி?"

"அடி தெரியாம காளானைத் தொடலாமா, தம்பி? புற்றுக்குள்ளேயிருந்து வரணும், அதுதான் புற்றுக்காளான்."

வெள்ளைக் குடை, நடுவில் கூரான குமிழ். தண்டோ மண்ணுக்குள் வால் போல் நீண்டு இறங்கியது. அந்த வாலின் நுனியில்தான் அதிசயம். கரையான்கள் சருகையும் கட்டையையும் தின்று, எச்சத்தால் தேனடை போன்ற பாத்தி கட்டிக் காளானை வளர்க்கின்றன. அதுவே அவற்றுக்கு ஆகாரம். மழை பெய்ததும் அங்கிருந்துதான் குடை மேலே வருகிறது.

சற்றுத் தள்ளிப் புல்தரையில் இன்னும் சில வெள்ளைக் குடைகள். ஆவலாகக் குனிந்தேன். "ஐயோ, வேண்டாம்!" என்று கத்தினாள் பாட்டி. தலையில் பழுப்புச் செதில், தண்டில் வளையம், வால் கிடையாது. முற்றினால் குடையின் அடிப்புறம் பச்சையாகும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான்!

அடுத்த ஞாயிறு நானே நிபுணனாகி ஒரு கைப்பிடி பறித்து வந்தேன். பறித்த வேகத்தில் அடி அறுந்துவிட்டது.

"வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்க்கலாமா?" என்றாள் மனைவி.

சகோதரிகளே, கரண்டி கறுக்கவில்லை, மஞ்சள் நிறம் மாறவில்லை என்று நம்பிவிடாதீர்கள். காளான் விஷத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. உயிரைக் குடிக்கும் காளான்களின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ஈரலைத் தாக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள்.

பாட்டியின் கண்ணுக்கு ஒரு ஆயுள் பழக்கம். எனக்கு ஒரே ஒரு காலைப் பழக்கம்! இந்தப் பக்கத்தைப் படித்த உங்களுக்கு அதுவும் இல்லை.

என் காளான்கள் குப்பைக்குப் போயின. அன்று மாலை கடையில் சிப்பிக்காளான் வாங்கிக் குழம்பு வைத்தோம். நிம்மதியாகச் சாப்பிட்டோம்.