புல் அறுத்த பாதை

விழுப்புரம் பக்கமிருந்து பேருந்தில் வந்தால், திருவண்ணாமலை ஊர் வருவதற்கு வெகுநேரம் முன்பே அண்ணாமலை கண்ணில் பட்டுவிடும். சுற்றிலும் சமவெளி, நடுவில் தனியாக 814 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மலை. சிறுவயதில் கார்த்திகை தீபத்துக்கு அப்பாவோடு வந்தபோது நான் பார்த்தது வேறு மலை. பாறையும் பாறை இடுக்கில் காய்ந்த புல்லுமாக வெறிச்சென்று கிடக்கும். பெரியவர்கள் அண்ணாந்து கும்பிடுவார்கள். நான் மேலே எங்காவது நிழல் இருக்கிறதா என்று தேடுவேன்.

இந்த முறை மாசி மாதக் காலையில் ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமம் போகும் கல் பாவிய பாதையில் ஏறினேன். ஆறு மணிதான் இருக்கும். பாதையின் இருபுறமும் வெப்பாலையும் புங்கமும் நின்றன. காலடியில் சருகு நொறுங்கிய சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. சருகு விழ வேண்டுமானால் முதலில் இலை இருந்திருக்க வேண்டும் அல்லவா!

ரமணர் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அந்தக் காலப் புகைப்படங்களில் பின்னணியில் தெரியும் சரிவுகள் மொட்டையாகத்தான் இருக்கின்றன. விறகுக்கு வெட்டியதும் ஆடுமாடு மேய்ந்ததும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தீ. இந்தச் சரிவுகளில் எலுமிச்சை மணம் வீசும் ஒரு புல் ஆளுயரம் வளர்கிறது. அதில் எண்ணெய் இருப்பதால் காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு, அணையாத ஒரு கற்பூரக் கட்டி போதும். தீ போன பிறகு மரக்கன்றுகள் செத்திருக்கும். புல்லுக்கு வேர் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாகக் கிளம்பும். புல் தீயை வளர்க்க, தீ புல்லை வளர்க்க, இடையில் மரத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

1980களின் இறுதியிலேயே இங்கே மரம் வளர்க்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. பிறகு ‘தி ஃபாரஸ்ட் வே’ என்ற அறக்கட்டளை அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. அதே அறக்கட்டளை நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். காடும் அவர்களுக்குப் பாடம்தான். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், மேலே வேலைக்குப் போகும் ஊர்க்காரர்களோடும் சில பிள்ளைகளோடும் நானும் சேர்ந்துகொண்டேன்.

கிளைப்பாதை ஒன்று சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து போயிற்று. நேராக மேலே ஏறினால் பாதித் தூரம்தான் வரும். ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். பத்து வயதுப் பையன் ஒருவன் குனிந்து, பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்திருந்த கல்வரிசையைத் தொட்டுக் காட்டினான்.

“நேரா வெட்டினா மழைத்தண்ணி இதுலயே ஓடி ஓடைய பறிச்சிடும் அண்ணா. இந்தக் கல்லு தண்ணிய அந்தப் பக்கம் தள்ளிவிடும்.”

தள்ளிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். சற்றுக் கீழே, கன்று ஒன்றைச் சுற்றிப் பிறை நிலா வடிவில் மண் அணைத்திருந்தார்கள். நீர் அங்கே நின்று ஊறும். பாதை போட்டவர்களும் கன்று நட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்ல என்பது அப்போது புரிந்தது.

இந்த மலையில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் எல்லோர் குரலும் ஒரு கணம் இறங்கிவிடுகிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், மலையடியில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மீது சரிந்தன. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மரம் இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா என்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பையன் தொட்டுக் காட்டிய கல்வரிசையை அதற்குப் பிறகு என்னால் மிதிக்க முடியவில்லை. தாண்டித் தாண்டியே நடந்தேன்.

வேலை நடக்கும் இடம் வந்தது. நான் மரம் நடுவார்கள் என்று நினைத்திருந்தேன். மாசியில் யாரும் நடுவதில்லை. கோடையில் குழி எடுத்து, மழை இறங்கிய பிறகுதான் கன்று வைப்பார்கள். இப்போது நடப்பது புல் அறுப்பு. சரிவின் குறுக்கே ஒரு பட்டையாகப் புல்லை அடியோடு அறுத்துக்கொண்டே போகிறார்கள். இதுதான் தீத்தடுப்புக் கோடு. கீழிருந்து வரும் தீ இந்த வெற்றிடத்தில் உணவின்றி நின்றுவிட வேண்டும். மழை முடிந்த பிறகு தொடங்கி, வெயில் முற்றுவதற்குள் முடித்தாக வேண்டும். வருடா வருடம் புல் வளரும், வருடா வருடம் அறுக்க வேண்டும். நாங்கள் நடந்து வந்த பாதையின் ஒரு பகுதியும் இப்படி அறுத்த கோடுதானாம். ஆள் நடக்க நடக்கப் புல் எழாது, அதனால் அதைப் பாதையாகவே வைத்துவிட்டார்கள்.

“செடி வைக்கறதுக்கு ஆயிரம் பேரு வருவாங்க சார்,” என்றார் அரிவாளோடு நின்ற அக்கா. “போட்டோ எடுத்துக்குவாங்க. புல்லு அறுக்கறதுக்குத்தான் ஆளு வேணும்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. வேலையின் அளவைச் சொன்னார். தீ வந்துவிட்டால் இவர்கள்தான் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மேலே ஓடுகிறவர்கள். இந்தச் செங்குத்தில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க முடியாது. அடித்துத்தான் அணைக்க வேண்டும்.

அறுத்த புல்லைப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு போய்க் கன்றுகளின் வேரடியில் மூடாக்காகப் பரப்பினார்கள், தண்டை மட்டும் ஒரு சாண் விலக்கி. அங்கே உசிலை ஒன்று முன்பு தீயில் கருகி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து என் இடுப்பளவு நின்றது. கருகிய தோல் இன்னும் உரியவில்லை. கட்டை விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. மேலே, சற்று அடர்ந்த நிழலில், சருகைக் கிளறும் சத்தம் கேட்டு எல்லோரும் அப்படியே நின்றோம். ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை. சருகைப் புரட்டிப் பூச்சி பிடித்துத்தான் பிழைக்கும். சருகு இல்லாத மலையில் அதற்கு வேலை இல்லை.

அந்த அக்கா எனக்கு ஒரு அரிவாள் கொடுத்தார். வெயில் ஏறும்வரை அறுத்தேன், ஒரு லாரி நீளத்துக்கு இருக்கும். நான் முடித்த இடத்தில் அவர் மறுபடி குனிந்து, நான் விட்டிருந்த அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையோடு சீவிக்கொண்டு வந்தார்.

“கட்டையை விட்டா தீ அதுலயே தாவும் சார்.”

பிறகு நாங்கள் இருவரும் அடுத்த பாறை வரைக்கும் அறுத்தோம்.