வீடு போச்சு, வாசல் இருக்கு

பங்களாவை இடித்துவிட்டு கேட்டை மட்டும் விட்டு வைத்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் டிக்ஸால் கிராமத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆபீஸ் வேலையாக பர்மிங்ஹாம் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை நண்பர் காரில் அழைத்துப் போனார். ஸ்டாஃபோர்ட் ஊருக்குப் பக்கம். புல்வெளியில் மூன்று அடுக்கு கல் கட்டடம், மூலைக்கு ஒரு கோபுரம், நடுவே பெரிய வளைவு. 'கேட்டே இப்படின்னா வீடு எப்படி இருக்கும்!' என்று வளைவைத் தாண்டினேன். அந்தப் பக்கமும் புல்.

"வீடு எங்கே சார்?"

"அதான் இல்லையே" என்றார், ஏதோ டீ தீர்ந்துபோன மாதிரி.

1555 வாக்கில் சர் எட்வர்ட் ஆஸ்டன் கட்டிய வீடு அது. அப்பா கட்டியது போதாதென்று மகன் சர் வால்டர் 1580 வாக்கில் முன்னால் இந்த வாசலை எழுப்பினார். அடுக்குக்கு ஒரு தினுசு தூண். வருகிறவன் உள்ளே நுழையும் முன்பே அசந்து போகவேண்டுமாம்!

1586 ஆகஸ்டில் வந்தது ஒரு கைதி. ஸ்காட்லாந்து ராணி மேரி. பக்கத்திலிருந்த சார்ட்லியில் காவலில் இருந்தவர். எலிசபெத்தைக் கொல்ல நடந்த சதி பற்றி பீர் பீப்பாய்க்குள் ஒளித்துக் கடிதம் போக்குவரத்து. பாவம், ஒவ்வொன்றையும் எலிசபெத்தின் ஆட்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். வேட்டைக்குப் போகலாம் என்று சொல்லி வெளியே கூட்டிவந்து, வழியிலேயே மடக்கி டிக்ஸாலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு வாரம் ராணி இங்கே. அதற்குள் அங்கே அவர் பெட்டிகள், காகிதங்கள் எல்லாம் காலி.

திரும்பக் கூட்டிப் போன அன்று வாசலில் பிச்சைக்காரர்கள் கூடி நின்றார்கள். ராணியாயிற்றே, ஏதாவது தேறும்! மேரி அழுதுகொண்டே சொன்னாராம்: கொடுக்க ஒன்றும் இல்லை, எல்லாம் பிடுங்கிவிட்டார்கள், நானும் உங்களை மாதிரி பிச்சைக்காரிதான். ஆறு மாதத்தில், 1587 பிப்ரவரி 8 அன்று, தலையை வெட்டிவிட்டார்கள்.

பழைய வீடு போய், 1780 வாக்கில் பக்கத்தில் புது மாளிகை வந்தது. அதையும் 1927-இல் இடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அங்கே நூற்றுக்கணக்கான பெரிய வீடுகளுக்கு இதே கதிதான். பரம்பரைச் சொத்துக்கு வரி, வேலைக்கு ஆள் இல்லை, கூரை ஒழுகினால் ரிப்பேருக்கே இன்னொரு சொத்து வேண்டும். கேட்டை யாரும் சட்டை செய்யவில்லை, அதனால் பிழைத்தது. கூரையும் தளமும் இல்லாமல் நின்றதை 1968-இல் லேண்ட்மார்க் டிரஸ்ட் வாங்கி, சரிசெய்து, விடுமுறைக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது. காசு கட்டினால் நீங்களும் தூங்கலாம்.

"அந்தப் பிச்சைக்காரங்க எந்தப் பக்கம் நின்னிருப்பாங்க?" என்றேன்.

"வெளிப் பக்கம்தான்."

"எது சார் வெளிப் பக்கம்?"

நண்பர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் புல்.