அபராதம் கட்டிய பிறகு

2025 பெப்ரவரி 3, திங்கள். ஹாலிஎல

கடை திறந்ததுமே பசறைப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். எல்லயில் ஒரு ஹோட்டலில் வேலை சரிவரும்போல இருக்கிறதாம். கிராம சேவகர் ஜீஎஸ்ஸிடம் கொண்டுபோக வதிவிட, நற்சான்றுப் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னான். பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை வருடமாக இந்த விலாசம் என்று மளமளவென்று சொல்லி வந்தவன், நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரா என்ற இடம் வந்ததும் கடையில் வேறு ஆள் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, அதுல இல்லைன்னு போட்டா என்ன?"

பத்தொன்பது வயதில் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பழைய செப்புக் கம்பியை ரெண்டு கூட்டாளிகளோடு எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறான். பொலிஸ் பிடித்தது. "ஒத்துக்கிட்டா தண்டத்தைக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று கோட் வாசலில் யாரோ சொல்ல, இவனும் ஒத்துக்கொண்டான். அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அன்றைக்கே லயத்துக்கு வந்துவிட்டான். அத்தோடு முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறான்.

இல்லை என்று போடாதே என்றேன். வர்த்தமானியில் வரும் அரச வேலை விண்ணப்பங்களின் அடியில் இருக்கும் உறுதிமொழியைக் காட்டினேன். பொய்யென்று தெரியவந்தால் தெரிவுக்கு முன் தகுதி போகும், பின் என்றால் வேலையே போகும். படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பெப்ரவரி 6, வியாழன்

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்க வருபவர்களுக்கு ஒன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். அது கொழும்புப் பொலிஸ் தலைமையகத்திலிருந்து வருகிறது. ஜீஎஸ் தெரிந்த மனிதர், அவரிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். பழைய பதிவேட்டையும் கைரேகையையும் பார்ப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அஞ்சு வருஷம் போனால் தானாக அழிந்துவிடும் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. போனில் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே வயது வந்தவர் ஒருவர் அபராதத்தோடு தப்பினால், ஒரு வருடம் கழித்துச் சாதாரண வேலைகளுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ பிணையிலோ விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியின்மை ஒட்டாது. நம் நாட்டில் காலம் போனால் பதிவு காலாவதியாகும் என்று சொல்லும் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் ஜனாதிபதி மன்னிப்பு இருக்கிறது. செப்புக் கம்பிக்காரன் அதுவரைக்கும் எப்படிப் போவான்?

பெப்ரவரி 10, திங்கள்

பதுளைக் கோட்டுக்குப் போகும் வழியில் போட்டோகொப்பி எடுக்க வரும் லோயர் அம்மாவிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டேன். "அந்தப் பையனுக்காக 306 யாரும் கேக்கலையா?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவாம். குற்றச்சாட்டு நிரூபணமானாலும், வயது, முன் நடத்தை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விடவோ, நன்னடத்தைப் பிணைமுறி வாங்கிக்கொண்டு விடவோ நீதவானுக்கு அதிகாரம் உண்டு. பிணைமுறி மூன்று வருடத்துக்கு மேல் போகாது. 303இல் வரும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை வேறு. ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் அது தண்டனைதான், பதிவில் நிற்கும். தண்டனைச் சட்டக்கோவையில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேலையாள் முதலாளியின் பொருளை எடுத்தால் ஏழு வருடம் வரை போகும். தோட்டத்துக்காரர்கள் மேல் அந்தப் பிரிவு வந்து விழ அதிக நேரம் எடுக்காது.

"இப்ப என்ன செய்யலாம் மிஸ்?"

தானே ஒப்புக்கொண்டவனுக்கு மேன்முறையீட்டுக்கு இடம் குறைவு. பதுளையில் இருக்கும் ஊவா மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுப் போடலாம். இத்தனை வருடம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளும்படியான காரணம் வேண்டும். வழக்கேட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் காசு வாங்காமல் செய்வார்கள் என்றார்.

வாசல் ஒன்றுதான் போல. அதுவும் தீர்ப்பு எழுதப்படுவதற்கு முந்தின சில நிமிடங்கள் மட்டும் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

பெப்ரவரி 12, புதன். நவம் போயா

கடை பூட்டு. பெரியம்மாவைப் பார்க்க தெமோதரைக்குப் போனேன். பேச்சு அவருடைய பாட்டன் காலத்துத் துண்டுக்குப் போயிற்று. கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய அந்தத் தாள் இல்லாமல் ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டம் எடுக்காது. கடன் யாருடைய கணக்கில் ஏறியது என்று வாசிக்கத் தெரியாத ஆளைத்தான் அந்தக் கடன் கட்டிப் போட்டது. 1921இல் துண்டை ஒழித்தார்கள். துண்டை வைத்து ஆளைப் பிடித்து வைத்தார்கள், இப்போதைய தாள் ஆளை உள்ளே விடாமல் வைக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று சம்பந்தப்பட்டவனுக்கே தெரியாமல் இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 19, புதன்

பையன் பிரதியோடு வந்தான். சிங்களத்தில், கையெழுத்தில், நான்கே வரி. வாசித்துத் தமிழில் சொன்னேன்: குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அபராதம். கட்டத் தவறினால் சிறை. வயதைப் பற்றி, முதல் குற்றம் என்பதைப் பற்றி எதுவும் இல்லை. யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதப்படவும் இல்லை. நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு உண்டு என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அன்றைக்குக் கோட்டில் வாசித்தது விளங்கியதா என்று கேட்டேன். "தலையாட்டுனேன் அக்கா" என்றான்.

பிரதிக்கு இரண்டு கொப்பி எடுத்துக் கொடுத்துச் சட்ட உதவிக்கு அனுப்பினேன்.

பெப்ரவரி 27, வியாழன்

ஹோட்டலில் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்களாம், கூப்பிடவில்லை. இப்போது கெப்பெட்டிபொல சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறான். அங்கே யாரும் தாள் கேட்பதில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு அதுவே மேல் என்கிறான். ஈபிஎஃப் இல்லை, ஒரு நாள் விழுந்தால் அன்றைய கூலியும் இல்லை. மனுவைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாலையில் ஒரு அம்மா மகனுடைய அழைப்பாணையோடு வந்தார், கொப்பி எடுக்க. மா மரத்துக் கிளையை விறகுக்கு வெட்டியதாகப் பக்கத்துக் காணிக்காரர் போட்ட முறைப்பாடு. "ஒத்துக்கிட்டா ஒரு நாளோட முடிஞ்சிருமாம்" என்றார். முதலில் உட்காரச் சொன்னேன். சட்ட உதவி அலுவலகத்துக்கு வழியை ஒரு தாளில் எழுதி, கீழே 306 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கோட்டுக்குப் போகும் நாளில் வாய் திறப்பதற்கு முன் லோயரிடம் இந்த இலக்கத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கொப்பிக்கு மட்டும் காசு வாங்கினேன்.