கண்டுமுதல்

திருவாரூர், நாகைப் பக்கம் சம்பா அறுப்பை இப்போது காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் இரைச்சல்தான் அடையாளம்: ஈர வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். அறுத்து, அடித்து, தூற்றி, டிரெய்லரில் நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். தை மாசியில் அறுப்பாளுக்கு நாயாய் அலைந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. குனிந்தே முதுகு ஒடிந்த பெண்களுக்கு அந்த வலி திரும்பவே வேண்டாம். எனக்கு வேண்டியது களம்.

தலைச்சுமையாய் வந்த கட்டெல்லாம் அங்கேதான் நெல்லாகும். தலையடி முடிந்த தாளைப் பரப்பி, மாட்டைப் பிணைத்து ஓட்டி, ஒட்டியிருக்கும் மணியையும் உதிர்ப்பார்கள். பிறகு காற்றுக்குக் காத்திருப்பு. காற்று வாகாய் வந்ததும் தூற்றினால் பதர் தள்ளிப் போகும், கருக்காய் நடுவில் நிற்கும், மணி காலடியில் குவியும். அந்த நெற்குவியலை, பொலியை, அளப்பவர் முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லித்தான் போடுவார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அப்படி அளந்து கண்ட மொத்த விளைச்சல்தான் கண்டுமுதல். அறுத்தவர்களின் கூலியும், கொல்லர் தச்சர் பங்கும், அங்கேயே நெல்லாக அளக்கப்படும்.

அந்த அளவையில் நியாயம் இருந்ததா? கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் மூண்ட பகைதான், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தது. அதை மறந்துவிட்டுக் களத்தை நினைக்க எனக்கு மனம் வராது. மரக்காலைப் பிடித்திருந்த கையை நான் தேடவில்லை. வயல் கொடுத்ததை எல்லாரும் சுற்றி நின்று பார்த்து, அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பதம் சொன்ன நாட்களைத் தேடுகிறேன்.

அந்த நாட்களில்தான் நெல் காய்ந்தது. அறுத்த அரி வயலில் காயும், அடித்த நெல் களத்தில் காயும். வண்டி அறுத்த நெல்லுக்கு அந்த அவகாசம் இல்லை. ஈரத்தோடு நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த ஆண்டுகளில் விதியைத் தளர்த்தச் சொல்லி மனுக் கொடுப்பதும் போராடுவதுமாகக் கழிகிறது. களம் இல்லாத ஊரில் நெல் தார்ச்சாலையில் கிடக்கிறது, பேருந்துச் சக்கரத்துக்கு ஒதுங்கி. எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு பதறுகிறது.

வைக்கோல் போரும் போயிற்று. 1966இல் ஐ.ஆர்.8 வந்து, குட்டை ரகங்கள் பரவியபோதே தாள் குறைந்தது. மிச்சத்தை இயந்திரம் நசுக்கித் துப்ப, இன்னொரு இயந்திரம் உருளையாய்ச் சுருட்டி லாரியில் ஏற்றுகிறது.

வண்டியே அறுக்கட்டும். ஊருக்கு ஒரு நல்ல உலர்களம், மழை வந்தால் மூடத் தார்ப்பாய், அவ்வளவு கேட்கிறேன். சில ஊர்களில் கட்டியிருக்கிறார்கள், போதாது. நெல் அங்கே இரண்டு வெயில் பார்க்கட்டும். கிண்டிவிட வந்த நாலு பேர் நின்றுவிட்டால், “இந்த வருஷம் கண்டுமுதல் எப்படி?” என்று ஒருவராவது கேட்காமலா போய்விடுவார்?