விழுந்த வண்டியைத் தூக்குவது

ஷோரூம் பையன் கேட்ட முதல் கேள்வி, "சாருக்கா மேடம்?" இரண்டாவது, "தம்பி காலேஜ் போறாரா?" எனக்குத்தான் என்றதும், தப்பான வீட்டுக்கு வந்தவரை வழிகாட்டி அனுப்புவதுபோல, மரியாதையாக என்னை ஸ்கூட்டர் வரிசைக்கு அழைத்துப்போனான்.

பதினாறு வருடமாக ஸ்கூட்டிதான் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து கல்லூரி 22 கிலோமீட்டர். அதில் கடைசி ஆறு கிலோமீட்டரை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கு அவமானம். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கிவிடும். பைக்கின் 18 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடும். தம்பி, துறைத்தலைவர், எதிர்வீட்டு அக்கா எல்லோரிடமும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் எனக்கு ஆசை. 44 வயதில் ஒருத்தி ஆசை என்று சொன்னால் அதற்கும் காரணம் கேட்பார்கள் என்பதால் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆசைப்பட்டது புல்லட்டுக்கு. சின்ன வயதில் எங்கள் ஊருக்கு மாட்டு டாக்டர் புல்லட்டில்தான் வருவார். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். தனக்கு முன்னால் ஒரு சத்தத்தை அனுப்பிவைக்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஷோரூமில் கிளாசிக் 350-இல் ஏறி உட்கார்ந்தேன். எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மில்லிமீட்டர். நான் ஐந்தடி ஒரு அங்குலம். இரண்டு கால்களின் பெருவிரலும் தரையைத் தேடின. பக்கத்துக் கடையில் ஸ்ப்ளெண்டர்: 785. இரண்டு சென்டிமீட்டர்தான் குறைவு. ஆனால் சீட் ஒடுக்கமானது, தொடை விரியவில்லை. பாதத்தின் முன்பாதி ஊன்றியது. எழுதிவைத்திருக்கிற உயரத்தை நம்பக் கூடாது, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவெஞ்சர் 737-தான், பாதம் முழுசாகப் படிந்தது. ஆனால் அதன் எடை 150 கிலோவுக்கு மேல்.

எந்தக் கடையிலும் என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. சாரி கார்டு உண்டு என்று மட்டும் எல்லோரும் மறக்காமல் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு, இவை இல்லாமல் வண்டி தயாரிக்கக் கூடாது. நல்ல விதி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒவ்வொரு பைக்கிலும் எனக்கென்று ஒரு இடம் முன்கூட்டியே அடித்துப் பொருத்தப்பட்டிருக்கிறது, அது பின்னால், ஒருபக்கமாக, என்பதை நான் அதில்தான் படித்தேன். 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் இருசக்கர வாகனம் கொடுத்தபோதும் கியர் போடாத வண்டிக்குத்தான் கொடுத்தார்கள்.

அம்மா இதையெல்லாம் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே கடந்துவிட்டாள். 1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது, நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. அம்மா கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மிதிப்பாள். கம்பியில் தம்பி, கேரியரில் நான். "உனக்கெதுக்குக்கா பைக்கு, விழுந்து வைக்கப்போற" என்று இன்றைக்குச் சொல்கிற அதே தம்பி.

அவன் சொன்னதில் பாதி சரி. விழத்தான் போகிறேன். கடைக்காரர்கள் பேசாத விஷயமும் அதுதான்.

கீழ ராஜ வீதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டேன். "கீழ போட்டா தூக்க முடியிற வண்டியா வாங்குங்க டீச்சர்" என்றார். இரண்டு பழைய டயரைப் போட்டு, அதன்மேல் விற்பனைக்கு நின்ற ஸ்ப்ளெண்டரைப் படுக்கவைத்து, "எங்க, தூக்குங்க" என்றார். குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"கையால தூக்காதீங்க. திரும்புங்க, முதுகக் காட்டுங்க."

முதலில் சாவியை ஆஃப் செய்ய வேண்டும். உருளாமலிருக்க வண்டி கியரில் இருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப்பக்கம் சாய்ந்துவிடும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை பின்னாலிருக்கும் கைப்பிடிக் கம்பியில். ஆமாம், விதி 123 பின்னால் உட்காருகிறவருக்காக வைத்த அதே கம்பி. முதுகு நிமிர்ந்தபடி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். எடை முழுவதும் தொடைக்கு. வண்டி எழுந்து நின்றது. நான்கு முறை படுக்கவைத்து நான்கு முறை தூக்கினேன்.

ஓரமாக ஒரு பழைய புல்லட்டும் விலைக்கு நின்றது. அதையும் படுக்கவைக்கச் சொன்னேன். பாதிவரை வந்து நின்றுவிட்டது, மேலே ஏறவுமில்லை, கீழே விடவும் முடியவில்லை. அண்ணன் ஓடிவந்து பிடித்தார். அன்றைக்கு இரவு கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

112 கிலோ ஸ்ப்ளெண்டரை வாங்கினேன். என் உரிமத்தில் கியர் இல்லாத வண்டி மட்டும் இருந்ததால், மறுபடியும் எல்.எல்.ஆர்., மறுபடியும் எட்டு. கல்லூரியில் சுடிதாரில் போய் இறங்கி, ஓய்வறையில் சேலைக்கு மாறுகிறேன். "தமிழ்த்துறைக்குப் பால் வந்தாச்சு" என்றார் ஒரு சக பேராசிரியர். பால்காரர்கள் ஏன் இந்த வண்டியை வைத்திருக்கிறார்கள் என்று அவர் யோசித்திருக்கமாட்டார்.

பதினோராம் நாள் கண்மாய்க்கரைத் திருப்பத்தில், ஜல்லியில் முன்பிரேக்கை அழுத்தி, வலப்பக்கமாக விழுந்தேன். முழங்கை சிராய்ந்தது. டீக்கடையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். "நானே தூக்குறேன், வேணாம்" என்றேன். நின்றார்கள். அவர்களுக்கு அது கஷ்டமாக இருந்தது, பாவம். சாவி, கியர், ஸ்டாண்டு. திரும்பி நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா முழங்கைத் தழும்பைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றிவந்து டேங்கில் கைவைத்தாள்.

"ஏத்தா, இதுல கம்பி இல்லையே?"

"பின்னாடிதாம்மா உக்காரணும்."

கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டாள்.

"ம், எடு."