கிலோ விலை இல்லாத பாட்டில்

பனியன் கம்பெனிகள் உள்ள முதலிபாளையம் சிட்கோவைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் கழிவு என்று எதையும் சொல்லிவிட முடியாது. துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டில் வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. மூட்டை கட்டி உடுமலை, வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. நூல் மில்களுக்குப் போய், பஞ்சாகப் பிரிந்து, மறுபடியும் நூலாகிறது. நூல் தீர்ந்த கோனுக்கு விலை உண்டு. அட்டைப்பெட்டிக்கும், கிழிந்த பாலிதீன் பைக்கும்கூட உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத்தான் இல்லை. பழைய சாமான் வண்டிக்காரர் மூடியை மட்டும் கழற்றிக்கொண்டு, "இது ஆகாதுங்க, உடைஞ்சா கையக் கிழிக்கும்" என்று பாட்டிலைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போவார்.

அப்படித் தங்கிப்போன பாட்டில்கள் ஆறு, எதிர் லைன் மூன்றாம் வீட்டு ஜன்னலோரம் நிற்கின்றன. ஹார்லிக்ஸ் நான்கு, காபித்தூள் ஒன்று, ஊறுகாய் ஒன்று. "எதுக்குடி இத்தனை பாட்டில்? தூக்கிப் போடு" என்று வீட்டு ஓனரம்மா வாடகை வாங்க வரும்போதெல்லாம் சொல்கிறார். எங்கே போடுவது? இந்த ஊர்ப் பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பை கொட்டுவதை எதிர்த்து 2025இல் மக்கள் போராடினார்கள். துணி மட்கும், கண்ணாடி போட்டது போட்டபடி கிடக்கும்.

அன்று கார்த்திகை நோம்பி. அந்த மூன்றாம் வீட்டுப் பெண் ஐந்தரைக்கே வந்துவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் ஓடினால் ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு மேல்தான் முகம் தெரியும். இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடு ஆன பிறகு அந்த அரை ஷிப்ட் பல கம்பெனிகளில் ஆட்டம் கண்டது. பாட்டில் தேய்க்க நேரம் கிடைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

பாட்டில்கள் சோடா உப்புப் போட்ட சுடுதண்ணீரில் ஊறுகின்றன. லேபிள் தோல்போல உரிகிறது. பசை மட்டும் விடுவதாயில்லை. தேங்காயெண்ணெயைத் தடவி, சாம்பல் தொட்டுத் தேய்க்கிறார். பிறகு ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிச் சுழற்றிப் பார்க்கிறார். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பகல் முழுக்கத் தேடிய கண். ஊறுகாய் பாட்டிலின் விளிம்பில் மயிரிழைக் கீறல் இருக்கிறது போல. அது தனியே போய்விட்டது. கம்பெனியில் 'ரிஜெக்ட்' என்பதற்கும் இதே கைவீச்சுத்தான் இருக்கும்.

வாடைக்காற்று காம்பவுண்டுச் சுவருக்கும் குடோனுக்கும் நடுவே ஒடுங்கி, இந்தச் சந்தில் வந்துதான் வேகம் பிடிக்கிறது. இங்கே அகல் நிற்காது. இங்கிருந்து சட்டை தைத்து அனுப்பும் ஐரோப்பிய ஊர்களிலும் டிசம்பரில் ஜாம் பாட்டிலுக்குள் மெழுகுவத்தி வைப்பார்கள். வடக்கே நாலு மணிக்கே இருட்டிவிடும் வீடுகளுக்கு அது அலங்காரம். இந்தச் சந்தில் அது இல்லாமல் நோம்பியே நடக்காது.

மகள் ஒன்பதாவது படிக்கலாம். பாட்டிலில் அரை விரல் மணல் போட்டு மெழுகுவத்தியைச் செருகுகிறாள். தீக்குச்சி அடிவரை எட்டவில்லை. சீமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவுகிறாள். உள்ளேயிருந்து கிழவியின் குரல்: "சீமாத்துக் குச்சியிலயா நோம்பி வெளக்குப் பத்தவெப்பே? ஊதுவத்திய எடு கண்ணு." ஊதுவத்தி வருகிறது. சுடர் எழுந்து, தள்ளாடி, கண்ணாடியில் கரி பூசுகிறது. சூடான காற்று மேலே போவதும் புதுக் காற்று கீழே இறங்குவதும் அந்த ஒரே வாய் வழியாக. ஆழம் கூடினால் தீக்கு மூச்சு முட்டும். அம்மா பேசவில்லை. மெழுகுவத்தியை எடுத்து, பாதிப் பாட்டில்வரை மணல் கொட்டி, மறுபடி நடுகிறார். சுடர் மேலே வந்து நேராக நிற்கிறது.

காபித்தூள் பாட்டிலுக்கு மெழுகுவத்தி போதவில்லை. அதில் தண்ணீர், மேலே நல்லெண்ணெய். திரிக்கு இடுப்பிலிருந்து வெள்ளைக் கட்டிங் துண்டு ஒன்று வெளியே வருகிறது. ஓர் இழையை உருவிக் கொளுத்துகிறார். காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். சாம்பல்தான். துண்டை நீளவாக்கில் கிழித்து இரு முனையையும் பிடித்து இழுக்கிறார். சிங்கிள் ஜெர்சி துணிக்கு ஒரு குணம், இழுத்தால் ஓரம் தானே சுருண்டுகொள்ளும். திரி திரிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன மூடி ஒன்றில் ஓட்டை போட்டு அதில் கோத்து மிதக்கவிடுகிறார். இந்த ஊருக்கு வெளியே இந்த வித்தை எளிதில் தோன்றாது என்று நினைக்கிறேன்.

மகளுக்கு அழகு வேண்டும். சிவப்பு ரிப் துணித் துண்டை வாயருகே கட்டப் போகிறாள். அம்மாவின் கை அதைப் பாட்டிலின் இடுப்புக்கு இறக்கிக் கட்டுகிறது. வாய்க்குக் கட்டுக்கம்பிதான், முறுக்கிப் பிடி வைத்தாயிற்று.

ஆறு மணி தாண்டியது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பொடியன் சொம்பை வீச, எரிந்துகொண்டிருந்த ஒரு பாட்டிலில் தண்ணீர் பட்டது. 'டிக்'. கழுத்திலிருந்து அடிவரை கோடு. சூடேறி விரிந்த கண்ணாடி, தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் சட்டென்று சுருங்கினால் வேறென்ன ஆகும்? அடி விழப்போகிறது என்று பொடியன் கண்ணை மூடினான். விழவில்லை. மணல் பாட்டிலைப் பிடித்து நிறுத்தியிருந்தது, சுடரும் அணையவில்லை.

கடைசி வீட்டு ஜார்க்கண்ட் பையன்கள் வேலை முடிந்து வந்தார்கள். ஒருவன் கழுத்தில் சிலுவை. தனியே கிடந்த ஊறுகாய் பாட்டிலைக் காட்டி, விரலை மடக்கி இருபத்தைந்தாம் தேதிக்கு என்று சைகை செய்தான். அந்தப் பெண் விளிம்பின் கீறலைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

ஓனரம்மா வீட்டு வாசலில் வெண்கல அகல் மூன்று தரம் அணைந்தது. நான்காம் தரம் அவர் பற்றவைக்கவில்லை. நேரே சந்துக்குள் வந்தார். "அம்மிணி, ஒரு பாட்டிலு குடு. காத்தால தந்தர்றேன்."

நோம்பி போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. பாட்டில் இன்னும் திரும்பி வரவில்லை.